இடித்துரைக்கும் குரலும் பொய்யுரைக்கும் வானும்

வான் பொய்த்தது என்று நம் முன்னோர் கூறின், மழை பெய்யாதொழிந்தது என்பதே பொருளாம். வானம் உள்ளபடியே பொய் கூறும் என்று அவர் எண்ணியதில்லை. இக்காலத்திலோ அச்சொற்றொடர் தன் நேர்ப்பொருளிலேயே உண்மையாகிவிட்டது. 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடக்கம், ஈராக்கு நாட்டின் மேலும், மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையை அடுத்த வான்பரப்பிலும், கருங்கடற் பக்கத்திலும் செல்லும் பயணிகள் விமானங்கள், செய்மதிகளிலிருந்து வருவன போன்று வேடமிட்ட பொய்ச் சமிக்ஞைகளை ஏற்று, தாம் இல்லாத இடத்தில் இருப்பதாக மயங்குகின்றன. போர் செய்வோர் தம் பகைவரின் ஏவுகணைகளையும் ஆளில்லா விமானங்களையும் வழிதவறச் செய்தற்குப் பரப்பும் பொய் இது. போரோடு யாதொரு தொடர்புமில்லாத பயணிகள் விமானமும் அதற்குச் செவிசாய்க்க நேர்கின்றது.

விளைவு யாதெனிற் கூறுவேன். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், பயணிகள் உறங்கிக்கொண்டிருக்க, அமைதியாகச் செல்லும் விமானத்தின் விமானியறையில், "டெரெய்ன், டெரெய்ன், புல் அப்" என்று ஒரு குரல் திடீரென அலறுகின்றது. நிலம் நெருங்கிவிட்டது, விமானத்தை மேலே எழுப்பு என்பது அதன் பொருள். உலகத்து மலைகளுள் உயர்ந்ததாகிய எவரெஸ்ட் சிகரமே 29,032 அடிதான். அவ்வளவு உயரத்தில் மோதுதற்கு மலை ஏது? விமானி அக்குரலைப் பொய்யெனத் தெளிகின்றார். அதனை அடக்கிவிட்டு மேற்செல்கின்றார். அன்று அவர் செய்தது சரியே. ஆயினும், அவ்வாறு பலமுறை அடக்கிப் பழகிய கை, ஒருநாள் மெய்யான மலையின் முன்னும் அதே ஆளியை நாடுமாயின் யாது நிகழும்? இக்கட்டுரை ஆராய விழைவது இவ்வினாவையே.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவன் இத்துறையிற் புகுவது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யான் அறிந்த குடும்பங்களுள், ஒருவரேனும் கடல் கடந்து வாழாத குடும்பத்தைக் காண்டல் அரிது. கனடாவிலும் இலண்டனிலும் பிள்ளைகள். கட்டாரிலும் துபாயிலும் உழைப்போர். மக்காவுக்கும் திருத்தலங்களுக்கும் செல்வோர். இவருட் பெரும்பாலோர் வளைகுடா நாடுகளின் வழியாகவே போய் வருகின்றனர். பொய்யுரைக்கும் வான் அவ்வழியின் மேலேயே விரிந்து கிடக்கின்றது. அன்றியும், தரை நெருங்கியதை அறியாது விமானம் நிலத்தில் மோதுதல் என்னும் கேட்டை நம் தீவு இருமுறை கண்டுள்ளது. ஆதலின் இது நமக்கு அயலார் செய்தி அன்று.

மூன்று நாள் இடையிட்ட இரு மலைகள்

1974 ஆம் ஆண்டு டிசெம்பர் 4 ஆந் திகதி இரவு. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து மக்கா யாத்திரை செல்வோர் 182 பேரையும் பணியாளர் ஒன்பதின்மரையும் ஏற்றிக்கொண்டு, மார்ட்டின் எயார் என்னும் ஒல்லாந்து நிறுவனத்தின் டீ.சீ. 8 விமானம் ஒன்று கட்டுநாயக்கவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே தரித்துப் பின்னர் ஜித்தா செல்வது அதன் வழி. ஓடுபாதைக்கு இன்னும் ஏறத்தாழ நாற்பது கடல் மைல் இருக்கையில், நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பகுதியின் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே ஏழு முடிகளோடு நிற்கும் மலைத்தொடரில், ஏறத்தாழ 4,300 அடி உயரத்தில், அது மோதிச் சிதறியது. சிங்களத்திற் சப்த கன்யா என்றும் தமிழில் ஏழு கன்னியர் மலை என்றும் வழங்குவது அத்தொடர். ஒருவரும் உயிர் தப்பவில்லை. 191 உயிர்களைக் கொண்ட அவ்விபத்தே இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளுட் பெரியது.

விசாரணையாளர் கண்ட காரணம் எளியது, எளியதாதலாலேயே கொடியது. விமானத்திற் பழுதில்லை. விமானிகள் தாம் எங்கே இருப்பதாகக் கருதினரோ, அங்கே விமானம் இல்லை. விமானத்திலிருந்த டொப்ளர்க் கருவியையும் வானிலை ராடரையும் நம்பித் தம் இடத்தைக் கணித்தவர்கள், விமான நிலையத்தை அணுகிவிட்டதாக மயங்கிப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர். இருளில் மலை அவர்முன் எழுந்து நின்றது.

அதற்கு மூன்று நாட்களுக்கு முன், டிசெம்பர் முதலாந் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் இதனோடொத்த விபத்தொன்று நிகழ்ந்தது. வொஷிங்டன் நகரின் டலஸ் நிலையத்தை அணுகிய டீ.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514 ஆம் இலக்க விமானம் வெதர் என்னும் மலையில் மோதி, அதிலிருந்த 92 பேரும் மாண்டனர். அணுகுதற்கு அனுமதி உண்டு என்று கட்டுப்பாட்டாளர் கூறினார். அச்சொல்லை, இனி இறங்கலாம் என்று விமானிகள் கொண்டனர்; மலையைத் தவிர்க்கும் பொறுப்பு விமானிகளுடையதே என்று கட்டுப்பாட்டாளர் கொண்டார். ஒரு சொல்லுக்கு இருவர் இருபொருள் கொள்வதாற் செய்யுளுரையில் வழக்கு நேரும். இங்கே 92 உயிர்கள் போயின. சொற்பொருள் ஆராய்ச்சி ஏட்டுக்குரிய வேலை மட்டும் என்று எண்ணுவோர் இதனை மனங்கொள்க.

வேர்ஜீனியா விபத்தின் பின் அமெரிக்க அரசு, தரை நெருங்குவதை உணர்ந்து குரல் கொடுக்கும் எச்சரிக்கைக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்கள் யாவும் 1975 ஆம் ஆண்டின் இறுதிக்குள் கொள்ளல் வேண்டும் என விதித்தது. ஏழு கன்னியர் மலையில் விமானம் வீழ்ந்த இரவில் அவ்விதி அமெரிக்காவிலும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை.

குரலின் பிறப்பு

அக்கருவியை ஆக்கியவர் டொன் பேற்மன் என்னும் பொறியியலாளர். கனடாவின் சஸ்கற்றூன் நகரில் 1932 இற் பிறந்து, அமெரிக்காவிற் பணிபுரிந்து, 2023 இல் மறைந்தவர். சிறுவனாக இருக்கையில் இரு விமானங்கள் வானில் மோதியதை அறிந்து பள்ளியை விட்டு ஓடிச்சென்று பார்த்தார் என்றும், அதற்குத் தண்டமாக ஆசிரியை அவரைக் கட்டுரை எழுதப் பணித்தார் என்றும், அதில் மலிந்த எழுத்துப் பிழைகளைக் கண்டு, நீ பொறியியலாளனாகவே வருவாய் என்றார் என்றும் கூறுவர். பிழை திருத்திக் காலங்கழிக்கும் எம்போலியர்க்கு இது ஒருவாறு ஆறுதல் தருஞ் செய்தி.

கருவியின் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். விமானத்தின் அடிப்புறத்திலிருந்து வானொலி அலை நிலத்தை நோக்கிச் செல்கின்றது. நிலத்திற் பட்டு மீள்கின்றது. மீளும் நேரத்தைக் கொண்டு, கீழேயுள்ள நிலம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அறியலாம். விமானம் அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கினும், நிலம் அதனை நோக்கி விரைந்து உயரினும், புறப்பட்டவுடன் உயரம் குன்றினும், சக்கரங்கள் வெளிவராத நிலையில் தரை அண்மித்தாலும், ஓடுபாதைக்கு இட்டுச்செல்லும் சரிவுக் கோட்டுக்குக் கீழே தாழ்ந்தாலும் கருவி குரல் எழுப்பும். முதலில் அறிவுரை போன்று ஒலிக்கும். கேடு நெருங்கியவிடத்துக் கட்டளையாகவே முழங்கும்.

கட்டளை எழுந்தால் விமானி செய்ய வேண்டுவது யாது? தானியங்கியைத் துண்டித்தல், இயந்திரங்களின் முழு வலுவையும் எடுத்தல், விமானத்தின் மூக்கை உயர்த்துதல், பாதுகாப்பான உயரத்தை எய்தும்வரை ஏறுதல். இரவாயினும் முகிலாயினும் காரணம் ஆராய்தற்கு அங்கே இடமில்லை. முதலிற் கீழ்ப்படிக, பின்னர் ஆராய்க என்பதே விதி. அறிவு மிக்கோர்க்கு இது எளிதன்று. கல்வி நமக்கு ஆராய்ந்து துணிதலையே பழக்கியுள்ளது. ஆனால் அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய அரை நிமிடமே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட அளவாக இருக்கின்றது. ஆகவே ஆராய்ச்சியை முன்னரே தரையில் முடித்துவிட்டு, வானிற் கீழ்ப்படிதல் ஒன்றையே வைத்துக்கொள்ளல் வேண்டும் என்று இத்துறையினர் கண்டனர்.

எச்சரிக்கப்படுபவன் அரசனாயின்

எச்சரிக்கை என்னுஞ் சொல்லின் பழைய வழக்கு ஒன்று ஈண்டு நினைக்கத்தகும். அரசன் அவைக்கு எழுந்தருளும்போது கட்டியகாரன் முன்னே வந்து, "எச்சரிக்கை! பராக்!" என்று கூவுவான். நம் நாட்டுக்கூத்து மேடைகளில் இன்றும் அதனைக் காணலாம். அரசன் வருகிறான், மற்றையோர் விழிப்பாயிருங்கள் என்பது அதன் கருத்து. விமானியறையிலோ இம்முறை தலைகீழாகின்றது. அங்கே எச்சரிக்கப்படுபவன் அரசனே. தலைமை விமானிதான் அவ்விடத்து வேந்து. அவனை நோக்கிப் பொறியும் கூவும். துணை விமானியும் கூறல் வேண்டும். வேந்தன் செவி கொடானாயின், அவன் பின்னே அமர்ந்திருக்கும் குடிகள் அத்தனை பேரும் அழிவர்.

நம் தீவு கண்ட இரண்டாவது பேரழிவு இதனைப் புலப்படுத்துகின்றது. 1978 நவம்பர் 15 ஆந் திகதி இரவு, யாத்திரையை நிறைவேற்றி ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு மீண்டுகொண்டிருந்த இந்தோனேசிய யாத்திரிகரை ஏற்றிவந்த ஐஸ்லாந்து நாட்டு விமானம், கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டுமுன்னே தென்னந்தோப்பில் வீழ்ந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தனர். உயரத்தைக் காட்டும் கருவிகளை விமானிகள் முற்றாகப் பயன்படுத்தவில்லை என்றும், உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் துணை விமானி உரத்துச் சொல்லும் கடமையைச் செய்யவில்லை என்றும், ஓடுபாதை தோன்றாத போதும் தலைமை விமானி மீண்டும் மேலெழவில்லை என்றும் இலங்கை விசாரணை கூறிற்று. நிலையத்தின் கருவிகளிலும் கட்டுப்பாட்டிலும் குறையிருந்தது என்று ஐஸ்லாந்துத் தரப்பினர் வாதித்தனர். இரு தரப்பையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஓருண்மை விளங்கும்: சொல்ல வேண்டிய இடத்தில் மனிதக் குரல் எழவில்லை, வழிகாட்ட வேண்டிய தரைக்கருவியும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதாய் இருக்கவில்லை.

குரல் எழுந்தும் கேளாத இடங்களும் உள. 1983 நவம்பர் 27 இல், ஸ்பெயின் நாட்டின் மட்ரிட் நகரை அணுகிய கொலம்பிய விமானத்தில் எச்சரிக்கை ஒலித்தபோது, தலைமை விமானி "சரி, சரி" என்று மறுமொழி கூறியதன்றி, மேலெழுதற்கு வேண்டியதைச் செய்யவில்லை. 181 பேர் மாண்டனர். நமக்கு அண்மையில், 2010 மே 22 விடியலில், துபாயிலிருந்து மங்களூர் வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தின் கதை இன்னும் துயரமானது. மலைமுகட்டை வெட்டிச் சமன்செய்து அமைத்த ஓடுபாதை அது. பயணத்தின்போது நெடுநேரம் உறங்கி எழுந்திருந்த தலைமை விமானி, விமானம் உரிய அளவை விட மிக உயரத்தில் இருப்பதைக் காலந்தாழ்த்தி உணர்ந்து, செங்குத்தாய் இறக்கினார். பொறி பலமுறை எச்சரித்தது. இறங்குதலைக் கைவிட்டு மீண்டும் எழுக என்று துணை விமானி மூன்றுமுறை கூறினார். தலைமை விமானி கேட்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 166 பேரில் எண்மரே பிழைத்தனர். வளைகுடாவில் உழைத்து வீடு திரும்பியோர் பலர் அதில் இருந்தனர்.

இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத மன்னன், பகைவரின்றியும் கெடுவான் என்பது வள்ளுவர் தரும் அறிவுரை. மங்களூரில் இடித்துரைப்பவர் இருந்தார், மூன்றுமுறையும் உரைத்தார். அதற்கு மேல், தலைவன் கையிலிருந்து விமானத்தைத் தன் கையில் எடுக்கும் துணிவு அவருக்கு வரவில்லை. கம்பர் பாடிய இராவணன் மந்திரப் படலத்திற் கும்பகருணனும் வீடணனும் உரைத்ததற்கு மேல் உரைக்க இயலுமோ? உரைத்தும் இலங்கை எரியுண்டது. மூத்தோரை மறுத்துரையாமை நம் பண்பாடு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதிற் பிழை கண்ட மாணவன் வாய்திறவாது இருப்பதைப் பணிவு என்று போற்றுகின்றோம். அந்தப் பணிவு வகுப்பறையில் ஓர் எழுத்தை மட்டும் கெடுக்கும். விமானியறையில் ஊரையே கெடுக்கும். பணிவோடு மறுத்துரைத்தலும் ஒரு கலை. அதனையும் நாம் கற்பித்தல் வேண்டும்.

புலிக்கதை

இனி, நம்பிக்கை என்னும் மையப்பொருளுக்கு வருவோம். புலி வருகிறது, புலி வருகிறது என்று விளையாட்டாகக் கூவிய இடையச் சிறுவனின் கதை நாம் அறிந்ததே. மெய்யாகப் புலி வந்தபோது ஊரார் வரவில்லை. பேற்மனின் கருவி தோன்றிய தொடக்க ஆண்டுகளில் அச்சிறுவனைப் போன்றே இருந்தது. காரணமின்றியும் கூவிற்று. கீழே ஒரு குன்று குறுக்கிட்டாலும் கூவிற்று. விமானிகள் சலிப்புற்றனர். மற்றொரு குறையும் இருந்தது: அக்கருவி நேர்கீழே நோக்குமேயன்றி முன்னே நோக்காது. செங்குத்தான மலை எதிர்ப்படின் அது உணர்ந்து கூவும்போது காலம் கடந்துவிடும். 1979 நவம்பர் 28 இல் அந்தாட்டிக்காவின் எரெபசு மலையில் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் இறந்தபோது, குரல் எழுந்தது மோதுதற்கு ஆறு விநாடி முன்னரே.

ஆதலின் பேற்மனும் அவர் தோழரும் கருவிக்குக் கண் கொடுக்க முயன்றனர். உலகத்தின் மலைகளையும் பள்ளங்களையும் அளந்த படம் ஒன்றைக் கருவியின் நினைவில் இட்டு, செய்மதி மூலம் விமானம் நிற்கும் இடத்தை அறிந்து, இரண்டையும் ஒப்பிட்டு, முன்னேயுள்ள மலையை ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு முன்பே அறிவிக்கச் செய்தனர். சோவியத்து ஒன்றியம் குலைந்தபின் விலைக்கு வந்த அதன் பழைய நிலப்படங்கள் அதற்குப் பெரிதும் உதவின. 1995 டிசெம்பரிற் கொலம்பியாவின் காலி நகரருகே அமெரிக்க விமானமொன்று மலையில் மோதி 159 பேர் இறந்தது, அப்புதிய கருவியின் தேவையை உலகுக்கு உணர்த்திற்று. அடுத்த ஆண்டு தொடக்கம் அது விமானங்களில் ஏறியது. பொய்க்கூவல் குறைந்தது, நம்பிக்கை வளர்ந்தது, பழுதற்ற விமானம் மலையில் மோதும் விபத்து, பெரிய பயணிகள் விமானங்களிடையே அரிதாயிற்று.

அந்நம்பிக்கை குலைந்தால் யாது நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2012 மே 9 இல், உருசிய நாட்டின் புதிய சுகோய் விமானம் ஒன்று, வாங்க விரும்புவோரையும் விருந்தினரையும் ஏற்றிக்கொண்டு இந்தோனேசியாவிற் காட்சிப் பறப்புச் செய்தது. சலாக் மலையை அணுகியபோது கருவி எச்சரித்தது. கருவியிலுள்ள நிலப்படத்திற் பிழையிருக்கும் என்று கருதிய தலைமை விமானி, அக்குரலை அடக்கிவிட்டார். எச்சரிக்கை எழுந்து 38 விநாடியில் விமானம் மலையில் மோதியது. 45 பேரும் இறந்தனர். முதற்குரல் எழுந்து 24 விநாடிக்குள் விமானத்தை எழுப்பியிருந்தாலும் தப்பியிருக்கலாம் என்று இந்தோனேசிய விசாரணையாளர் ஒத்திகைப் பறப்பால் உறுதிசெய்தனர். இருபத்துநான்கு விநாடி! மூச்சை ஏழெட்டு முறை இழுத்து விடும் நேரம். அந்நேரத்தை விழுங்கியது அறியாமையன்று. கருவி பொய் சொல்கிறது என்ற எண்ணம்.

இன்றைய கேடு

இப்பொழுது முதலிற் கூறிய செய்தியின் பாரதூரம் வாசகர்க்குத் தெளிவாகும். சலாக் மலையில் ஒரு விமானிக்கு ஒருநாள் தோன்றிய ஐயத்தை, இன்று போர் நிகழும் வான்வழிகளிற் செல்லும் விமானிகளுக்கு நாள்தோறும் ஊட்டி வருகின்றோம். அங்கே ஐயம் வீண். இங்கே ஐயம் நியாயமானது. நியாயமானதாய் இருப்பதே இதன் கொடுமை. கருவியிற் குறையில்லை, நிலப்படத்திலும் பிழையில்லை. நீ இருப்பது இவ்விடம் என்று வெளியிலிருந்து வரும் சொல்லே பொய்யாயின், மெய்யான படமும் பொய்யான எச்சரிக்கையையே தரும். அப்பொய், போர்ப்பகுதியைக் கடந்த பின்னரும் கருவியின் நினைவிற் சில வேளை தங்கிவிடுகின்றது என்பது இன்னும் அஞ்சத்தக்கது. பாக்தாத்தின் வடக்கே கேட்ட பொய், இறங்கும் நகரம் வரை கூடவே வரலாம்.

விமானிகள் இதற்கு யாது செய்கின்றனர்? மிகவுயரத்திற் பறக்கும்போது எழும் தரை எச்சரிக்கையை உயரங்காட்டும் பிற கருவிகளோடு ஒப்பிட்டுத் தள்ளுகின்றனர். செய்மதியையும் நிலப்படத்தையும் சார்ந்த பகுதியை மட்டும் தற்காலிகமாக அடக்குதற்கு ஆளி உண்டு. அதனை அடக்கினும், நேர்கீழே அலை செலுத்தும் பழைய பகுதி தொடர்ந்து காவல் செய்யும். இவ்வேற்பாட்டை யான் குறைகூறேன். உயரத்தில் வீணே விமானத்தைச் செங்குத்தாக எழுப்புவதும் கேடு விளைப்பதே. ஆனால் எங்கே ஐயுறலாம், எங்கே ஐயுறலாகாது என்னும் எல்லையைப் பறக்குமுன்னரே வரையறுத்தல் வேண்டும். எம்மலையினும் உயர்ந்த இடத்தில் ஐயுறலாம். இறங்கத் தொடங்கிய பின்னர், இரவில், முகிலில், மலைநாட்டின் மேல் ஐயுறலாகாது. அடக்கிய ஆளியை மீள எழுப்புதலையும், ஐயமிருப்பின் இன்னும் உயர்ந்த இடத்தில் நின்றுகொள்ளுதலையும் கடமைப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். களைத்த மனிதனின் நினைவாற்றலிடம் அதனை ஒப்படைத்தல் போதாது.

விமானியின் பொறுப்பு அத்தோடு முடியும். நாடுகளின் பொறுப்பு அங்கே தொடங்கும். 2025 மார்ச்சு மாதத்தில், அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமும், தொலைத்தொடர்புக்கும் கடற்போக்குவரத்துக்கும் உரிய ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் ஒருங்கு சேர்ந்து, செய்மதி வழிகாட்டலைக் குழப்புதல் குறித்துப் பெருங்கவலை வெளியிட்டன. கவலை வெளியிட்டாற் போதுமோ? கலங்கரை விளக்கை இடம்மாற்றி வைத்துக் கப்பலைக் கவிழ்ப்பவனைக் கடற்கொள்ளையனாகவே கருதுவோம். வானத்துக் கலங்கரையை இடம்மாற்றுவோனை மட்டும் போரியல் அறிஞன் என்று போற்றுவது எந்நீதி? போர் செய்வோர் தம் குடிமக்களையும் அதே வான்வழியில் அனுப்புகின்றனர் என்பதையேனும் அவர் எண்ணல் வேண்டும்.

நம் சிறுநாடு வல்லரசுகளைத் தடுத்தல் இயலாது. ஆயினும் நம் கையில் உள்ளது ஒன்றுண்டு. செய்மதி வந்துவிட்டது, இனித் தரையிலிருந்து வழிகாட்டும் வானொலிக் கருவிகள் எதற்கு என்னும் எண்ணம் உலகெங்கும் பரவியிருந்தது; செலவு மிச்சம் என்று பல நாடுகள் அவற்றைக் குறைத்தும் வந்தன. இன்று அவையே மீண்டும் உயிர்க்காவலாகின்றன. 8,281 அடி உயர்ந்த பேதுருதாலகாலை மலையை நடுவிற் கொண்ட தீவு நமது. கிழக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் விமானம் மலைநாட்டின் மேலாகவே வருதல் கூடும். ஓடுபாதைக்குச் சரிவுக் கோடு காட்டும் தரைக்கருவியைப் பழுதின்றிப் பேணல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை 1978 ஆம் ஆண்டின் வழக்காடலே நமக்கு அறிவுறுத்தியுள்ளது. அக்கருவிகளுக்கு ஆகும் பணத்தை வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டுதற்கு எவரேனும் முன்வருவராயின், ஏழு கன்னியர் மலையின் பெயரை அவருக்கு நினைவூட்டுதல் பத்திரிகைகளின் கடன்.

அம்மலையடியில் மாண்டவர் நம் இனத்தவரும் அல்லர், நம் நாட்டவரும் அல்லர். வேற்று நாட்டிலிருந்து இறைவன் திருத்தலம் நாடிச் சென்ற ஏழை யாத்திரிகர். நம் மண் அவர்களை ஏற்றுக்கொண்டது. அன்று அவர்களை எச்சரிக்கக் குரல் இருக்கவில்லை. அதன்பின் உலகம் ஒரு குரலை ஆக்கிற்று. அதற்கு மெய் பேசக் கற்பித்தது. மனிதரை அதற்குச் செவிகொடுக்கப் பழக்கிற்று. இம்மூன்றுக்கும் அரை நூற்றாண்டு சென்றது. ஆக்குதற்கு ஐம்பது ஆண்டு எடுத்த நம்பிக்கையை அழித்தற்குச் சில போர்களே போதும் என்னும் நிலை வந்துள்ளது. எங்கோ விதைத்த பொய்யின் விளைச்சல், அதனை விதைத்தவன் பெயரையும் கேட்டிராத ஒரு பயணியின் தலைமேல், அவன் வீடு திரும்பும் இரவில் வந்து விழலாம். அவனுக்காக வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தாய் கதவைத் தாழிடாது காத்திருப்பாள்.